நினைவு கேட்கும் செயல்: பொதுவெளிக் கலை பொருள் தரும் விதம்

பொதுவெளியில் வைக்கப்பட்ட இன்றைய கலைப்படைப்பு ஒன்றின் முன் நிற்பவர் முதலில் கேட்பது, "இதற்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். குதிரை மீது அமர்ந்த மன்னன் சிலைக்கு முன் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் யார் என்று பீடத்தில் எழுதியிருக்கும். எதற்காகப் போற்றப்படுகிறார் என்பதை உயர்த்திய வாளும் நிமிர்ந்த தலையும் சொல்லிவிடும். ஒரு கறுப்புச் சுவரிலோ, நடைபாதையில் பதித்த உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகட்டிலோ, நாளுக்கு நாள் குறையும் மிட்டாய்க் குவியலிலோ அப்படி எதுவும் இல்லை. அர்த்தம் கலைஞருக்கும் விமர்சகருக்கும் மட்டுமே தெரியும் என்று பார்வையாளர் ஒதுங்கிக்கொள்கிறார். 'அவரவருக்குத் தோன்றுவதே அர்த்தம்' என்று அவரிடம் சொல்வதும் ஒரு வகையில் அவரைக் கைவிடுவதுதான்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவான நிறுவல் கலையிலும் பொதுவெளிக் கலையிலும், இழப்பையும் வன்முறையையும் நினைவுகூரும் படைப்புகள் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன. அவை அர்த்தத்தை உருவத்தில் வைப்பதில்லை. பார்வையாளரின் உடல் செய்ய வேண்டிய ஒரு செயலில் வைக்கின்றன: தேடுவது, தொடுவது, கையெழுத்திடுவது, குனிவது, மிதிப்பது, உண்பது. அந்தச் செயல் எங்கே, எதன் மீது, யாரால் செய்யப்படுகிறது என்று கவனித்தால் படைப்பைப் படித்துவிடலாம். இந்தப் படைப்புகளைச் சுற்றி எழுந்த சச்சரவுகளைக்கூட அப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

தேடுவதும் தொடுவதும்

வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கு வாஷிங்டனில் நினைவிடம் அமைக்க 1981இல் போட்டி நடந்தது. 1,400க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் பெயரின்றி, எண்ணிட்டு நடுவர்களிடம் வந்தன. அவர்கள் தேர்ந்தெடுத்தது யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின் அனுப்பியதை. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் இரண்டு கறுப்புக் கருங்கல் சுவர்கள். ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளம். ஒன்று லிங்கன் நினைவகத்தையும் மற்றொன்று வாஷிங்டன் நினைவுத் தூணையும் நோக்கி நீள்கின்றன. இரண்டும் கூடும் மூலையில் உயரம் 3 மீட்டர். ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்லத் தாழ்ந்து தரையோடு சேர்ந்துவிடுகின்றன. கல் கர்நாடகத்திலிருந்து போனது. இன்று அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றோடு பதவி இல்லை, ஊர் இல்லை.

பெயர்களை அகர வரிசையில் போட வேண்டும் என்று முதலில் ஒரு கருத்து இருந்தது. அப்படிப் போட்டிருந்தால் ஸ்மித் என்ற பெயருடைய 600க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் குவிந்து, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். லின் கேட்டது இறந்த நாள் வரிசை. 1959 என்ற ஆண்டுடன் மூலையின் மேற்புறத்தில் தொடங்கும் பட்டியல் கிழக்குச் சுவர் வழியாக ஓடி முடிகிறது. பிறகு மேற்குச் சுவரின் கடைக்கோடியில் மீண்டும் தொடங்கி, 1975 என்ற ஆண்டுடன் அதே மூலையின் அடியில் வந்து நிற்கிறது. போரின் முதல் சாவும் கடைசிச் சாவும் அருகருகே வருகின்றன. ஒரே தாக்குதலில் இறந்தவர்களின் பெயர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கின்றன.

இந்த வரிசைமுறை பார்வையாளருக்கு ஒரு வேலையைத் தருகிறது. மகனின் பெயரைக் காண வரும் தாய் நேராகச் சுவருக்குப் போய்க் கண்டுபிடிக்க முடியாது. அருகில் வைத்திருக்கும் பெயரேட்டைப் புரட்டி, பலகையின் எண்ணையும் வரியின் எண்ணையும் குறித்துக்கொண்டு, சரிவில் இறங்கி, வரிகளை எண்ணி அந்தப் பெயரை அடைய வேண்டும். தேடிக் கண்டடைந்த கை இயல்பாகவே எழுத்தைத் தடவுகிறது. பலர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரின் படியை எடுத்துச் செல்கிறார்கள். மெருகேற்றிய கறுப்புக் கல் கண்ணாடியாக வேலை செய்வதால், இறந்தவரின் பெயர் மீது தேடி வந்தவரின் முகம் விழுகிறது. போர் சரியா தவறா என்று சுவர் எதையும் சொல்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் இப்படி இறங்கி வர வேண்டியிருக்கிறது என்பதை வருபவரின் உடலையே கொண்டு உணர்த்துகிறது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. கறுப்பு அவமானத்தின் நிறம், தரைக்குள் புதைப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது என்று முன்னாள் படையினர் சிலர் வாதிட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது நிமிர்ந்து பார்க்கும் ஒரு சின்னம். கிடைத்ததோ இறங்கி வரச் சொல்லும் ஒரு சுவர். சமரசமாக, பிரெடெரிக் ஹார்ட் வடித்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை 1984இல் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டது. ஆனால் மக்கள் கடிதங்களையும் பதக்கங்களையும் காலணிகளையும் சுவரடியில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். இவற்றை வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. லின்னின் திட்டத்திலும் அது இல்லை. தேசியப் பூங்காத் துறை அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கிறது; எண்ணிக்கை லட்சங்களில் இருக்கிறது. 1982 நவம்பரில் திறக்கப்பட்ட ஒரு சுவருக்கு அர்த்தம் சேர்க்கும் பணி இன்னும் முடியவில்லை.

கையெழுத்திட்டவர்கள்

லின்னின் சுவர் தொடச் சொல்கிறது. ஆனால் தன்மேல் எழுத விடுவதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹார்பர்க் பகுதியில் 1986இல் எழுந்த தூண் எழுதவே அழைத்தது. பாசிசத்துக்கு எதிரான நினைவுச் சின்னம் ஒன்றை அமைக்கும் பணி யோஹென் கெர்ஸ், எஸ்தர் ஷாலெவ்-கெர்ஸ் இருவருக்கும் தரப்பட்டது. அமைதியான பூங்கா ஒன்றில் வைக்கலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் இடத்தைக் கேட்டு வாங்கினார்கள். 12 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம் கொண்ட சதுரத் தூண் அது. மேலே மெல்லிய ஈயப் பூச்சு. பக்கத்தில் எழுத எஃகு எழுத்தாணி. 'பாசிசத்துக்கு எதிராக விழிப்போடு இருப்போம் என்று உறுதி கூறி இதில் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத்து நிறைய நிறையத் தூண் தரைக்குள் இறக்கப்படும். ஒருநாள் இந்த இடம் வெறுமையாகும்' என்று ஏழு மொழிகளில் அறிவிப்பு இருந்தது.

தூண் எட்டுக் கட்டங்களாக இறக்கப்பட்டு 1993 நவம்பரில் முழுவதும் மறைந்தது. அதற்குள் சுமார் 70,000 கையெழுத்துகள் விழுந்திருந்தன. ஆனால் ஈயத்தில் விழுந்தவை உறுதிமொழிகள் மட்டுமா? காதலர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கினார்கள். சிலர் ஸ்வஸ்திகா கீறினார்கள். சிலர் எழுதியிருந்ததை அடித்துச் சிதைத்தார்கள். துப்பாக்கிக் குண்டுத் தடங்களும் இருந்தன. நகரத்தார் பலருக்கு இது வெட்கமாக இருந்தது. கலைஞர்கள் எதையும் துடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஒரு ஜெர்மன் நகரத்தில் பாசிசத்தைப் பற்றி மக்கள் மனத்தில் என்ன இருந்ததோ அதன் ஆவணமாகத் தூண் ஆனது. கெட்டதையும் சேர்த்துக் காட்டியதால்தான் அது உண்மையான ஆவணம்.

மறைவதற்கும் ஒரு காரணம் இருந்தது. நினைவுச் சின்னங்களை ஆய்ந்த ஜேம்ஸ் யங் இத்தகைய படைப்புகளை எதிர்-நினைவுச்சின்னங்கள் என்று வகைப்படுத்தினார். சிலை ஒன்றை நாட்டிவிட்டால் நினைவுகூரும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு மக்கள் மறந்துபோகிறார்கள் என்பது அவருடைய கருத்து. கல் நமக்காக நினைவு வைத்துக்கொள்ளும் என்ற அந்த நிம்மதியை ஹார்பர்க் தூண் பறித்துவிட்டது. தூண் போனபின் எஞ்சியது, பெயர் எழுதியவர்களின் பொறுப்பு.

மிதிக்கலாமா?

செயல்தான் அர்த்தம் என்றால், ஒரே செயல் எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தருமா? இதற்கு விடை காண மிதித்தல் என்ற ஒற்றைச் செயலை எடுத்துக்கொள்ளலாம்.

குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மன் கலைஞர் 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய பணி இன்று ஐரோப்பா முழுதும் பரவியிருக்கிறது. 10 செ.மீ. கான்கிரீட் கட்டி, அதன் தலையில் பித்தளைத் தகடு. நாஜிகளால் துரத்தப்பட்ட அல்லது கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்தப்பட்ட நாள், முடிவு ஆகியவை அதில் கையால் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவை 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கும். அவர் தன் விருப்பப்படி கடைசியாக வாழ்ந்த வீட்டின் வாசலில், நடைபாதைக் கற்களோடு ஒன்றாக அது பதிக்கப்படுகிறது. பெர்லின் குரோய்ஸ்பெர்க் பகுதியில் 1996இல் அனுமதி இல்லாமலேயே பதித்தார். அனுமதி பிறகு வந்தது. இடறுகற்கள் என்று பெயர் பெற்ற இவற்றின் எண்ணிக்கை 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது.

நாஜி வதைமுகாம்களின் பெயர்களைச் சொல்லும்போது கொலை எங்கோ தொலைவில் நடந்ததாகத் தோன்றும். வாசலில் பதித்த கல்லோ அது இந்தத் தெருவில், அக்கம்பக்கத்தார் கண்முன்னே தொடங்கியது என்கிறது. எழுத்து சிறியது, படிக்க வேண்டுமானால் நின்று குனிய வேண்டும். கொல்லப்பட்டவர் பெயருக்கு முன் தலை தாழ்கிறது. கல் பதிப்பதற்கு முன் அந்தத் தெருவாசிகளும் பள்ளி மாணவர்களும் ஆவணக் காப்பகங்களில் தேடி விவரம் திரட்டுகிறார்கள். பித்தளை கறுக்கும் என்பதால் அவ்வப்போது யாராவது மண்டியிட்டுத் துலக்குகிறார்கள். இந்தக் குனிதல்கள் எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு.

ஆனால் மியூனிக் நகராட்சி தனக்குச் சொந்தமான நிலத்தில் இவற்றைப் பதிக்க அனுமதி மறுத்தது. முதலில் 2004இல் மறுத்து, 2015இல் அந்த முடிவை உறுதி செய்தது. அங்குள்ள யூத சமூகத்தின் தலைவர் ஷார்லட் நோப்லோக் கடுமையாக எதிர்த்தார். சிறுமியாக ஒளித்து வைக்கப்பட்டு நாஜிகளிடமிருந்து தப்பியவர் அவர். கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் மீண்டும் ஒருமுறை பூட்ஸ் கால்களுக்கு அடியில் மிதிபட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. இதைக் கலை புரியாதவரின் குரல் என்று தள்ள முடியாது. படைப்பு கேட்கும் செயலை அவர் மிகக் கூர்மையாகப் படித்திருக்கிறார். தெரிந்து நிற்பவர் குனிகிறார். தெரியாமல் நடப்பவர் மிதிக்கிறார். இரண்டும் அந்தக் கல்லில் இருக்கின்றன. எது பெரிது என்பதை, மிதிபட்ட அனுபவம் உள்ள உடல் வேறு விதமாகத்தான் தீர்மானிக்கும். மியூனிக்கில் பின்னர் சுவர்களிலும் சிறு தூண்களிலும் கண்ணுயரத்தில் பெயர்த் தகடுகள் வைக்கப்பட்டன.

இதே மிதித்தலைக் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சல்செடோ நீதியாக மாற்றினார். கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சிப் படைக்கும் இடையிலான 2016 அமைதி ஒப்பந்தத்தின்படி, ஃபார்க் போராளிகள் ஒப்படைத்த ஆயுதங்களை உருக்கி மூன்று நினைவுச் சின்னங்கள் அமைக்க வேண்டும். போகோட்டா நகரத்துக்கு உரியது அவரிடம் வந்தது. ஆயுதத்தால் உயர்ந்த சின்னம் எழுப்பினால் அது ஆயுதத்துக்கே பெருமை சேர்க்கும் என்று கருதி, அவர் 37 டன் ஆயுதங்களை உருக்கித் தரை ஓடுகள் ஆக்கினார். ஓடுகளின் வார்ப்புக்கான உலோகத் தாள்களைச் சுத்தியால் அடித்து வடிவம் தந்தவர்கள், அந்தப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். 2018இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெயர் 'துண்டுகள்'. அங்கே நுழையும் எவரும் துப்பாக்கிகளின் மீது நிற்கிறார். அந்தத் துப்பாக்கிகளின் மேற்பரப்பில் அந்தப் பெண்களின் சுத்தியல் அடி பதிந்திருக்கிறது.

ஒரு நகரத்தில் மிதித்தல் அவமதிப்பு. இன்னொரு நகரத்தில் மிதித்தல் மீட்சி. காலடியில் பெயர் இருக்கிறதா ஆயுதம் இருக்கிறதா, அங்கே வைத்தவர் யார் என்பவையே வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன. 'தோன்றுவதெல்லாம் அர்த்தம்' என்ற வாதம் இங்கே நிற்பதில்லை. வாசிப்புகள் பலவாக இருக்கலாம். அவற்றுக்குக் காரணங்கள் உண்டு, அந்தக் காரணங்களை எடுத்துவைத்து விவாதிக்க முடியும்.

செயல் பறிபோனால், திணிக்கப்பட்டால்

செயலை நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்பாராத ஒரு சோதனை லண்டனில் நடந்தது. சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2010இல் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெருங்கூடத்தில் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஜிங்டெஜென் நகரின் 1,600க்கும் மேற்பட்ட கைவினைஞர்கள் ஒவ்வொன்றையும் கையால் செய்து தீட்டியவை அவை. தொடக்கத்தில் மக்கள் அதன் மீது நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒரு விதையை எடுத்து உற்றுப் பார்த்தார்கள். கோடியில் ஒன்றும் தனியானது என்பதைக் கை அறிந்தது. சில நாட்களில் பீங்கான் தூசி உடல்நலத்துக்குக் கேடு என்று நடப்பதைத் தடை செய்தார்கள். ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது சாம்பல் நிறப் பரப்பாக மட்டுமே தெரிந்தது. விதைகள் அதேதான், தனி ஒருவரை அறியும் வழி அடைபட்டுவிட்டது.

செயல் திணிக்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டு நியூயார்க். ரிச்சர்ட் செராவின் 'சாய்ந்த வில்' என்ற எஃகுச் சுவர், 36 மீட்டருக்கும் மேல் நீளமும் 3.6 மீட்டர் உயரமும் கொண்டது. அரசு அலுவலகங்களுக்கு முன்னுள்ள திறந்தவெளியைக் குறுக்கே வெட்டி 1981இல் நிறுவப்பட்டது. வெளியைப் புதிதாக உணரவைப்பது அவர் நோக்கம். தினமும் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனவர்கள் உணர்ந்தது வேறு. 1985இல் நடந்த பொது விசாரணையில் சுவர் இருக்க வேண்டும் என்று 122 பேரும், அகற்ற வேண்டும் என்று 58 பேரும் பேசினார்கள். இருந்தும் 1989இல் அது வெட்டி அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கென்றே செய்ததை அகற்றுவது அழிப்பதற்குச் சமம் என்று செரா வாதிட்டார். அது சரியான வாதம். ஆனால் கலைக்கூடத்துக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார், பொதுவெளியைக் கடப்பவருக்கு அந்த விருப்பம் கிடையாது என்பதும் சரியான வாதமே. தெருவில் ஒரு செயலைக் கேட்கும் கலைஞருக்கு, அதைத் தினமும் செய்ய வேண்டியவர்களிடம் கடன் இருக்கிறது.

செயலுக்குத் துணையாக ஒரு சொல்

செயல் மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் 1991இல் அறையின் மூலையில் பளபளக்கும் தாள் சுற்றிய மிட்டாய்களைக் குவித்தார். இலக்கு எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. வருகிறவர் எவரும் ஒன்றை எடுத்துத் தின்னலாம். தலைப்பு அதை ராஸ் என்பவரின் உருவப்படம் என்கிறது. ராஸ் அவருடைய துணைவர். அதே ஆண்டில் எய்ட்ஸ் நோயால் இறந்தவர். நோயில் உடல் கரைந்ததுபோல் குவியல் கரைகிறது. கரைப்பவர் நாம், வாயில் இனிப்பது ஒருவரின் உடல். குவியலை மீண்டும் நிரப்பலாம் என்பதால் அவர் முடிந்துபோவதும் இல்லை.

இந்த விவரம் தெரியாதவருக்கு அது இலவச மிட்டாய். இந்தப் படைப்பைக் காட்சிக்கு வைத்த சிகாகோ கலைக் கழகம் 2022இல் அறிமுகக் குறிப்பை மாற்றி எய்ட்ஸ் பற்றிய செய்தியை விட்டுவிட்டபோது கண்டனம் எழுந்தது, குறிப்பு திருத்தப்பட்டது. மிட்டாயின் எடையைப் போலவே அந்தச் சில வரிகளும் படைப்பின் பகுதி என்பதை அந்தக் கண்டனம் காட்டியது. விளக்கக் குறிப்பு கலையைக் கெடுத்துவிடும் என்று நினைப்பவர்கள், சாவின் காரணத்தை மறைப்பதும் ஒரு அரசியல் என்பதைப் பார்ப்பதில்லை.

வடக்கில்

இலங்கையின் வடக்கில் நினைவு என்பதே அனுமதிக்குரிய ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளிக்கொணர்ந்த 'முற்றுப்பெறாத தோம்பு' இந்தச் சூழலில் பிறந்தது. காலனிய ஆட்சி வைத்திருந்த காணிப் பதிவேடு தோம்பு. உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதனுடன் கட்டடக் கலைஞரின் அளவுப் படமும் சனாதனனின் சித்திரமும் சேர்க்கப்பட்டு, பதிவேடு போன்ற நூலாயிற்று. கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எந்தப் பக்கம் என்று வரைந்த கை அந்த வீட்டுக்குள் இன்னொருமுறை நடந்து வந்திருக்கிறது. அரசு வைத்திருக்க வேண்டிய பதிவேட்டை, இழந்தவர்களே எழுதினார்கள். திறந்த வெளியில் நினைவிடம் எழுப்ப முடியாத காலத்தில் ஒரு நூல் அந்த வெளியாக நின்றது.

எந்தக் கலைஞரும் வடிவமைக்காத ஒரு செயலும் அங்கே இருக்கிறது. 2009 மே மாதம் போரின் இறுதி நாட்களில், முள்ளிவாய்க்காலில் சிக்கியிருந்த மக்களின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. ஆண்டுதோறும் மே மாதத்தில் அதே கஞ்சியைத் தெருவோரத்தில் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்து வழிப்போக்கர்களுக்குக் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிப்பவரின் நாக்கு, சுவையற்ற அந்தக் கஞ்சியே உணவாயிருந்த நாட்களை அறிகிறது. சில இடங்களில் காவல்துறை இதைத் தடுத்தும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடித்தார்கள். எதிர்ப்பு வலுத்தபின் அது மீண்டும் எழுப்பப்பட்டது. தூபியை இடிக்க ஓர் இயந்திரமும் ஓர் இரவும் போதும். கஞ்சி குடிப்பதை நிறுத்த, ஒவ்வொரு சந்தியிலும் ஆள் நிறுத்த வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பார்வையாளர் தன் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். 'இதற்கு என்ன அர்த்தம்' என்பதற்கு முன்னால், 'இது என்னை என்ன செய்யச் சொல்கிறது' என்று கேட்கலாம். அதைச் செய்துபார்த்து, எதன் மீது செய்தேன், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, இந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது, என்னைவிட வேறு அனுபவமுள்ள ஒருவர் இதே செயலைச் செய்தால் அவருக்கு என்ன நேரும் என்று தொடரலாம். இதற்குச் சிறப்புப் பயிற்சி தேவையில்லை. நேரமும் கொஞ்சம் பணிவும் தேவை.

நினைவிடம் எழுப்புகிறவர்களுக்கு இக்கேள்விகள் இன்னும் கண்டிப்பானவை. அரசுகளும் அமைப்புகளும் நினைவிடம் என்றதும் உயரத்தையும் செலவையும் பேசுகின்றன. திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து மக்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று பேசுவதில்லை. வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு எதையும் கேட்காத நினைவிடம், எவ்வளவு உயர்ந்தாலும் கட்டியவர்களின் நினைவையே தாங்கும். உறவினரை இழந்தவரின் கைக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறதா, அந்த வேலையை அவரைக் கேட்டுத் தீர்மானித்தார்களா, அடுத்த தலைமுறை அதை ஏற்றுச் செய்ய வழி இருக்கிறதா என்பதைக் கொண்டுதான் அதை மதிப்பிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத திட்டத்தை, அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே திருப்பி அனுப்பும் உரிமை இழந்தவர்களுக்கு உண்டு.